மிளகு ரசம் வராத மாதம்

எங்கள் வீட்டில் யாருக்குத் தூரம் என்பதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ரசம் சொல்லிவிடும்.

நானும் என் கொழுந்தனார் மனைவியான ஓரகத்தியும் ஒரே அடுப்படியில் புழங்குகிறவர்கள். எனக்கு மாதவிடாய் வந்துவிட்டால் மூன்று நாள் அடுப்படிக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுவது, தென்னைக்குத் தண்ணீர் திருப்பி விடுவது என்று வெளிவேலையைப் பார்ப்பேன். சமையல் முழுக்க அவளுடையது. அவளுக்கு வந்தால் அவள் வெளியே, நான் உள்ளே. மற்ற நாட்களில் குழம்பும் ரசமும் என் கை. காய் நறுக்குவது, தோசை சுடுவது, பலகாரம் எல்லாம் அவள் கை. நான் வைப்பது தக்காளி ரசம். அவள் மிளகைத் தட்டிப் போட்டுத் தொண்டை எரிய ஒரு ரசம் வைப்பாள். அது தட்டில் விழுந்தால் மூத்தவள் நான் ஒதுங்கியிருக்கிறேன் என்று பொருள். சாயங்காலம் தட்டு வெட்டும் இடத்தில் இளையவள் நின்றால் அவள் ஒதுங்கியிருக்கிறாள். வீட்டு ஆண்களுக்கு இது தெரியும், தங்களுக்குத் தெரியும் என்பது மட்டும் தெரியாது.

நாங்கள் இருப்பது கேரள எல்லைக்குள், வடகரப்பதிப் பக்கம். ரேஷன் கார்டு மலையாளத்தில், சண்டை தமிழில். கல்லூரிக்குப் போகும் என் மகள் இந்த ஒதுங்கல் ஏற்பாட்டைப் பார்த்துச் சிரிப்பாள். "இந்தக் காலத்துலயுமாம்மா?" என்பாள். நானும் சிரித்துவிட்டு, மூன்று நாள் அடுப்பு வெக்கையிலிருந்து கிடைத்த லீவை அனுபவிப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த ஏற்பாட்டில் பெரிய குறை எதுவும் அதுவரை தெரிந்ததில்லை. அத்தை, அதாவது என் மாமியார், அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். நாங்கள் அதைப் பழைய செருப்பைப் போலப் போட்டுக்கொண்டு நடந்தோம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்லதா கெட்டதா என்று வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை. எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். மோட்டார் நின்றால் மெக்கானிக் வருவதற்குள் நான் மூடியைக் கழற்றியிருப்பேன். பால் திரிந்தால் பாத்திரத்தைக் கொட்டிக் கழுவமாட்டேன், முதலில் மோந்து பார்ப்பேன், பிறகு எந்த மாட்டுப் பால் என்று விசாரிப்பேன். என் கணவர் இதற்கு "போலீஸ் வேலை" என்று பெயர் வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட எனக்கு என் உடம்பே ஒரு கேஸ் கொடுத்தது சென்ற ஆண்டு மாரியம்மன் நோம்பித் திருவிழா முடிந்த பிறகு.

நோம்பிக்கு மாவிளக்கு எடுப்பது எங்கள் வீட்டில் மூத்த மருமகள். அன்றைக்குப் பார்த்துத் தூரமாகிவிட்டால் மாவிளக்கும் இல்லை, ஊர்ப்பேச்சும் மிச்சம். அதனால் கோயில் முன்னால் கம்பம் நட்டு நோம்பி தொடங்கியதும் தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கிவிடுவேன். நான் மட்டுமல்ல, பாதி ஊர் வாங்கும். சந்தைப் பேட்டைக்கு எதிரே ஒரு ராவுத்தர் குடும்பம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறது. மாத்திரைக்குப் படித்த அந்த வீட்டு மருமகள் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் நேரம் பார்த்துத்தான் பெண்கள் போவோம். எந்த ஊரில் எப்போது கம்பம் நடுகிறார்கள் என்பது பூசாரிக்கு அடுத்தபடியாக அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும்.

"ஏனுங்க்கா, உங்க ஊரு நோம்பி சாட்டியாச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். "ஒவ்வொரு வருஷமும் இதே மாத்திரையா? ஒருக்கா டாக்டரக் கேட்டுப்போட்டுச் சாப்பிடுங்க்கா. கால் வீக்கம், தலைவலி எதுவும் இல்லீங்களே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி, கொடு" என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். எல்லாருடைய உடம்பிலும் காரணம் தேடுகிறவளுக்குத் தன் உடம்பு விஷயத்தில் மட்டும் அவசரம்.

மாவிளக்கு நல்லபடி நடந்தது. கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டார்கள். விருந்தாட்கள் மிச்சக் கறியைத் தூக்குப் போசியில் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். மாத்திரையை நிறுத்தினால் சில நாளில் வந்துவிடும், எப்போதும் அப்படித்தான். இந்த முறை வரவேண்டியது மட்டும் வரவில்லை.

முதலில் மாத்திரையைத் திட்டினேன். கம்பெனி மாறிவிட்டது, அட்டை நிறம் வேறாக இருந்தது, அதனால்தான் என்று முடிவு கட்டினேன். பிறகு வெயிலைத் திட்டினேன். அந்தச் சித்திரையில் தென்னங்குரும்பையே உதிர்ந்து கிடந்தது, மனுஷிக்கு என்ன. பிறகு மகள் ஹாஸ்டலுக்குப் போனதை நினைத்தேன். அவள் போனதிலிருந்து எனக்கு ராத்திரித் தூக்கம் சரியில்லை. கவலைப்பட்டால் தள்ளிப்போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்கும் பிறகு வயசை நினைத்தேன். நாற்பதைத் தாண்டியவள். என் சித்திக்கு இந்த வயதில்தான் விட்டு விட்டு வர ஆரம்பித்து, பிறகு அடியோடு நின்றது. ஒவ்வொரு காரணமும் ஒருநாள் முழுக்கச் சரியாகத் தோன்றும். மறுநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது, அப்படியென்றால் போன வருஷம் ஏன் ஆகவில்லை என்று நானே குறுக்குக் கேள்வி கேட்பேன். கேஸ் நிற்காது.

இன்னொரு காரணம் இருந்தது. அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் தள்ளித் தள்ளி வைத்திருந்தேன். நான் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. ஒரே மகளுக்குப் பிறகு நானும் என் கணவரும் கவனமாக இருந்துவந்தோம், பெரும்பாலும். அந்தப் 'பெரும்பாலும்'தான் இடித்தது.

குழந்தை என்றால் பயமில்லை எனக்கு. பயமெல்லாம் என் ஓரகத்தியை நினைத்துத்தான். அவள் இந்த வீட்டுக்கு வந்து ஆறேழு வருஷமாகிறது. குழந்தையில்லை. கோயமுத்தூருக்கு ஊசிக்குப் போய் வந்தாள். வயிறு உப்பி, முகம் ஊதி, அத்தனையையும் தாங்கினாள். பலனில்லை. அதற்கு முந்தின வருஷம், "போதுமுங்க்கா, இனி போகலீங்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவள் இருக்கிற அதே வீட்டில், மகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்ட நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பதா? சீமந்தமும் சீரும் அவள் கண்முன்னால் எனக்கு நடப்பதா? நினைத்தாலே எனக்குக் கூசியது. அவளுக்குத் தெரியாமல் இதை முடித்துவிட வேண்டும் என்று மட்டும் உறுதியாக இருந்தேன். எதை முடிப்பது என்று எனக்கே தெரியாது. வரவேண்டியது வந்துவிட்டால் கேள்வியே இல்லாமல் போய்விடும், அவ்வளவுதான் என் கணக்கு.

ஆனால் ரசத்தை யார் தடுப்பது? ஒருநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். என் கொழுந்தனாருக்கு அவர் மனைவியின் மிளகு ரசம் என்றால் உயிர். பாவம், மாதத்தில் மூன்று நாள்தான் கிடைக்கும். தட்டில் என் தக்காளி ரசத்தை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"ஏனுங்கண்ணி, இந்த மாசம் மொளகு ரசமே வல்லீங்களே?"

அவர் மிளகைத்தான் கேட்டார், வேறெதையும் நினைத்துக் கேட்கவில்லை, சத்தியமாக. ஆனால் அத்தையின் கை சோற்றில் அப்படியே நின்றது. என் கணவர் என்னைப் பார்த்தார், உடனே மோர்க் கிண்ணத்தைப் பார்த்தார். நான், "மொளகு தீந்துபோச்சு" என்றேன். மிளகு டப்பா என் தலைக்கு மேலே அலமாரியில், கழுத்து வரை நிறைந்து, எல்லாரும் பார்க்கும்படி இருந்தது. என் ஓரகத்தி அந்த டப்பாவை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அன்றையிலிருந்து அவள் என்னிடம் ஒரு மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தாள். முன்னெல்லாம் பால் கேனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குவோம். இப்போது நான் குனிவதற்குள் அவளே தூக்கிக்கொண்டு சொசைட்டி வண்டிக்கு ஓடிவிடுவாள். கிணற்றடியில் வழுக்குகிறது என்று என்னைத் துணி துவைக்க விடவில்லை. பேச்சும் குறைந்தது. சரி, இவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது, மனசு நொந்து போய்விட்டாள், என்னோடு ஒட்டி வேலை செய்யப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி சும்மா இருந்தால் ஆகாது என்று நானே வைத்தியத்தில் இறங்கினேன். எங்கள் பக்கம் நாள் தள்ளிப்போனால் பெண்கள் ஒருவருக்கொருவர் ரகசியமாகச் சொல்வது இரண்டு பொருள்: பப்பாளிப்பழம், எள்ளுருண்டை. சூடு, இறக்கிவிடும் என்பார்கள். எங்கள் துவைகல்லுக்குப் பக்கத்தில் பப்பாளி மரம் நிற்கிறது. அதில் ஒரு பழம் மஞ்சள் தட்டியிருந்ததை முந்தின நாளே கண்வைத்திருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் காம்பு மட்டும் இருந்தது.

அணில் என்று நினைத்தேன். அணில் பழத்தைக் கொறிக்கும், முழுசாக எடுத்துப் போகாது. வௌவால் என்றால் கீழே விதை சிதறியிருக்க வேண்டும். ஒரு விதை இல்லை. காம்பை உற்றுப் பார்த்தேன், கத்தியால் அறுத்திருந்தது. சரி போகட்டும் என்று எள்ளைத் தேடினேன். எள்ளு டப்பாவைக் காணோம். எண்ணெய்க்கு ஆட்டியது போக மிச்சம் வைத்த எள், நோம்பிக்குக்கூட எடுத்தோம், டப்பாவோடு மறைந்துவிட்டது. அடுத்த பழம் பழுத்தது. அதுவும் போயிற்று.

இப்போது எனக்கு மாதவிடாயை விடப் பப்பாளி பெரிய விஷயமாகிவிட்டது. யார் எடுக்கிறார்கள், எதற்கு? அத்தைக்குச் சர்க்கரை, தொடமாட்டார். ஆண்கள் பறித்தால் தோலை அங்கேயே போட்டுவிட்டு வருவார்கள். மிச்சம் ஒரே ஆள்தான். அவள் எதற்குப் பப்பாளியும் எள்ளும் தேடுகிறாள்? அவளுக்கும் தள்ளிப்போயிருக்கிறதா? அப்படியிருந்தால் அவள் கோயிலுக்கல்லவா ஓடுவாள், பப்பாளிக்கு ஏன் போகிறாள்? ஆனால் கேட்டால் என் விஷயத்தையும் சொல்லவேண்டி வரும். வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் மெடிக்கல் ஷாப் பெண்ணிடமே போனேன். சொல்லத் தொடங்குமுன்பே பரிசோதனைக் கிட்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள்.

"காலைல மொத யூரின்ல பாருங்க்கா. ஒரு கோடுன்னா இல்ல, ரெண்டுன்னா உண்டு. இல்லைன்னு வந்தாலும் விட்டுப்போடாதீங்க. எதுக்கு வரலைன்னு டாக்டர்கிட்டக் காட்டோணும்."

மறுநாள் கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்தச் சின்னப் பட்டையைப் பார்த்தபடி நின்றேன். ஒரு கோடு வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரே கோடு. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். பெரிய பாரம் இறங்கியது. இறங்கிய இடத்தில் உடனே பழைய கேள்வி வந்து உட்கார்ந்தது. அப்புறம் ஏன் வரவில்லை?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மலையாளம் கலந்த தமிழ் பேசினார். பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து ஆட்கள் வந்து வந்து அவருடைய தமிழில் எங்கள் 'ங்க'வும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்துப்போயின. வேறொரு நாள் தென்னையில் குரும்பை உதிர்கிறது என்று கிருஷி பவன் என்கிற வேளாண்மை ஆபீஸில் போய் நின்றபோது, அந்த ஆபீசர் மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், தண்ணி எப்படி, உரம் என்ன, பூச்சி உண்டா, வெயில் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த அம்மாவும் அப்படித்தான். எடை கூடியதா குறைந்ததா, தூக்கம் எப்படி, மலச்சிக்கல் உண்டா, முடி கொட்டுகிறதா, புதிதாக என்ன மருந்து, வீட்டில் என்ன கவலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

ரவிக்கை இறுக்கமாகிவிட்டது, நோம்பி விருந்து என்று நினைத்தேன். முடி கொத்தாக வருகிறது, உப்புத் தண்ணி என்று நினைத்தேன். எல்லாரும் விசிறிக்கொண்டிருக்கும் சித்திரை ராத்திரியில் எனக்கு மட்டும் போர்வை வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் நான் காரணமே தேடியிருக்கவில்லை.

"அப்ப அந்த மாத்திரையால இல்லீங்களா?"

"மாத்திரை நிறுத்தினா கொஞ்ச நாள்ல வரணும். வரலன்னா வேற என்னன்னு நோக்கணும். பீரியட்ஸ் லேட்டாக ஒரு காரணம்தான்னு இல்ல. கர்ப்பம் முதல்ல பார்ப்போம். அப்புறம் தைராய்டு. ஓவரியில கட்டி உள்ள பொண்ணுங்களுக்கும் இப்படித்தான். சிலருக்கு பரீட்சை, கல்யாணம், வீட்ல ஒரு மரணம், அந்த டென்ஷன் போதும். சாப்பிடாம மெலிஞ்சாலும் நிக்கும், திடீர்னு தடிச்சாலும் நிக்கும். ராத்திரி ஷிஃப்ட் மாறினாக்கூட சிலருக்கு மாறும். பால் குடுக்கற அம்மாக்கள் பல பேருக்கு வராது. உங்க வயசுல நிக்கப் போறதோட ஆரம்பமும் ஆகலாம்."

"வயசுதானுங்க நானும் நெனச்சேன்."

"நெனச்சுட்டு வீட்ல இருந்துடறாங்க எல்லாரும். வயசுதான்னு சொல்றதுக்கு முன்னால மத்ததெல்லாம் இல்லன்னு பார்க்கணும். ஒரு தடவை ரெண்டு நாள் முன்ன பின்ன ஆனா பயப்பட ஒண்ணும் இல்ல. இப்படி நீண்டு போனா வரணும்."

நான் விடவில்லை. பப்பாளியைப் பற்றிக் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பழுத்த பப்பாளி தின்னா பீரியட்ஸ் வரும்னா, எனக்கு இங்க என்ன ஜோலி?"

அங்கேயும் ஒருமுறை சிறுநீர் பார்த்தார்கள், கர்ப்பம் இல்லை. ஸ்கேன் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது பதில் இருந்தது. தைராய்டு மந்தமாக வேலை செய்கிறது. கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி சோம்பிக் கிடந்தால், அதற்கு இவ்வளவு கீழே கருப்பை ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். மூளையும் கழுத்தும் சினைப்பையும் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன, ஒன்று தாமதித்தால் மற்றதும் தாமதிக்கும் என்று விளக்கினார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, கொஞ்ச நாள் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. இனி நோம்பி மாத்திரையைக் கேட்காமல் விழுங்கக்கூடாது என்றும் சொன்னார். பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரே சந்தோஷம். நோய் வந்ததற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன். காரணம் தெரிந்துவிட்டதே.

பஸ் ஸ்டாப்பிலிருந்து தோட்டத்து வழியாக நடந்து, வீட்டுக்குப் பின்பக்கமாக வந்தேன். மாட்டுக் கொட்டகையில் என் ஓரகத்தி குனிந்து நின்றாள். கையில் கத்தி. பழுத்து மணக்கிற பப்பாளியைத் துண்டு துண்டாக அறுத்துத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெர்சி மாடு கண்ணை மூடிக்கொண்டு மென்றது.

"என்ன அம்மிணி பண்ற?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "மாடு கேட்டுச்சுங்க்கா."

"பப்பாளி வேணும்னு கேட்டுச்சா?"

கத்தியைத் தொட்டி விளிம்பில் வைத்தாள். "நீங்க எடுத்துத் தின்னுபோடக் கூடாதுன்னுதானுங்க்கா. எள்ளு டப்பாவையும் நான்தான் தவிட்டு மூட்டைக்குள்ள வெச்சிருக்கறேன்."

"நான் எதுக்குத் தின்னக்கூடாது?"

"மொளகு ரசம் வல்லீங்களே, அதான்" என்றாள். சொல்லும்போதே அவள் கண் என் வயிற்றுக்குப் போய்த் திரும்பியது.

பால் கேனும் துவைகல்லும் எனக்கு அப்போதுதான் விளங்கின. இத்தனை நாள் அவள் என்னிடமிருந்து விலகவில்லை. என்னைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்து இழுத்து வைக்கோல் கட்டின் மேல் உட்காரவைத்துச் சொன்னேன். வயிற்றில் ஒன்றும் இல்லை, தைராய்டு, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவள் நிம்மதியாகச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லாப் பாத்தாங்களாக்கா?" என்றாள். "இன்னொருக்கா பாக்கச் சொல்லலாமுங்களே."

"ரெண்டு மூணு தடவை பாத்தாச்சு அம்மிணி."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குக் குழந்தை இருந்தால் இவள் நொந்துபோவாள் என்று நான் ஊரெல்லாம் ஒளித்துத் திரிந்தேன். இவளோ வயிற்றில் ஒன்றும் இல்லை என்பதற்கு அழுகிறாள். முதுகைத் தடவிக்கொண்டே, "அப்படியென்ன, நான் பெத்தாலும் அது என்னோடதுதானே" என்று கொஞ்சம் முரட்டுத்தனமாகவே கேட்டேன்.

"அதுக்கில்லீங்க்கா." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு வந்துருச்சுன்னா நான் அடுப்படிய உட்டு வெளிய வரோணும். அத்தை பாக்கறாங்க. மாமா பாக்கறாங்க." மாமா என்றது என் கணவரை. "உங்க கொழுந்தனாரு சாயந்திரம் வண்டிய நிறுத்தும்போதே என்னையத் தட்டு வெட்டற எடத்துல பாத்துட்டு ஒண்ணும் பேசாம உள்ள போயிருவாரு. இந்த மாசமும் இல்லீன்னு மாசா மாசம் நான் ஊட்டுக்கே சொல்றாப்ல இருக்குதுங்க்கா. உங்களுக்கு ஒண்ணு இருந்துச்சுன்னா, எல்லாரும் என்னையப் பாக்கறத உட்டுப்போட்டு உங்களப் பாப்பாங்கன்னு நெனச்சேன். கொஞ்ச நாளைக்காச்சும்."

மாடு தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு மத்தியானம், ஒரே ஒரு ரசம், என் வயிற்றைப் பற்றி நாலு பேர் தட்டைப் பார்த்து யோசித்ததற்கே நான் மிளகு தீர்ந்ததென்று பொய் சொன்னேன். இவளை ஆறேழு வருஷமாக மாதம் தவறாமல் வாசித்துக்கொண்டிருந்தோம். நானும்தான் வாசித்தேன். அவள் தட்டு வெட்டப் போகும்போதெல்லாம் 'த்சொ' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போய் ரசத்துக்குப் புளி கரைத்தவள் நான். காரணம் காரணம் என்று மோட்டாரைக் கழற்றியவளுக்கு, அவள் மாதத்தில் மூன்று நாள் ஏன் யார் முகத்தையும் பார்க்காமல் நடக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அவள் மேல் வந்த பாசத்தை விட என் மேலேயே வந்த கோபம் அதிகம்.

தைராய்டு மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்கள் போயின. ராத்திரிப் போர்வை வேண்டாமலாயிற்று. ஆடிக் காற்று தென்னையை உலுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், வரவேண்டியது வந்தது. முகம் கழுவிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனேன். அடுப்பைப் பற்றவைத்தேன். காய்க் கூடையோடு வந்த என் ஓரகத்தி என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"வந்துருச்சுங்களாக்கா? அப்ப நீங்க..."

"நான் இங்கதான் இருக்கறேன். நீ காய நறுக்கு."

"அத்தை..."

"அத்தைக்கு ரசம் வேணும். வெச்சுக் கொடுப்போம்."

அவள் நின்றாள். கூடையை இறக்கி வைக்கவில்லை. "எனக்கு வந்தாலுங்களாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"உனக்கு வந்தாலும் இங்கதான். இடுப்பு வலிச்சா ரூமுல போய்ப் படு, தலைவலின்னு நான் சொல்லிக்கறேன். சாயந்திரம் தட்டு வெட்ட இனி ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போவோம், தெனமும்."

அன்றைக்குத் தட்டில் விழுந்தது தக்காளி ரசம். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கு அடுத்த வாரம், எந்தக் காரணமும் இல்லாத ஒரு சாதாரண நாளில், நான் அவளிடம் மிளகு டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். கொழுந்தனார் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் அடுப்படியிலிருந்து அப்பளத்தோடு வந்துகொண்டிருந்தேன். அவர் முகத்தில் குழப்பம் ஓடியது. அத்தை இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியாத காரணங்களில் அதை மட்டும் தோண்டாமல் விட்டு வைத்திருக்கிறேன். அடுத்த நோம்பிக்கு மாவிளக்கை என்ன செய்வது என்பதையும் இன்னும் யோசிக்கவில்லை.

இப்போதெல்லாம் மிளகு ரசம் நினைத்தபோது வருகிறது. சிலசமயம் வாரத்தில் இரண்டு தடவை, சிலசமயம் மாதம் முழுக்க இல்லை. போன வாரம் என் கொழுந்தனார் சோற்றைப் பிசைந்துகொண்டே அலுத்துக்கொண்டார்.

"முன்னெல்லாம் மொளகு ரசம் எப்ப வரும்னு ஒரு கணக்கு இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

என் ஓரகத்தி அவருக்கு எதிரே ரசக் கரண்டியோடு நின்றிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு இரண்டாம் நாள். அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

"தெரியாட்டி என்னுங்க, ஊத்திச் சாப்பிடுங்க" என்று அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.